பவளமும் பாசியும்

கடலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று சுந்தரபாண்டியத்தில் யாரையேனும் கேட்டால், அவர் சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். மேற்கே அண்ணாந்து பார்த்தால் மலை; ஊருக்குள் தறியோசை; ஊரைச் சுற்றி வயலும் தென்னையும். கடலோ கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. ஆயினும் நம் அடுக்களைக்குள் சென்று பார்த்தால் கதை வேறு. உப்புச் சாடியில் இருப்பது தூத்துக்குடிக் கடல். பரணில் தொங்கும் நெத்திலிக் கருவாடும் கடல். நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சிக்குப் பக்கத்தில், பாலும் சீனியும் சேர்ந்து, கத்தியால் வகுந்து வைக்கப்பட்டிருக்கும் கடற்பாசியும் கடலே. கடலைக் காணாமலே கடலை உண்டு வளர்ந்தவர்கள் நாம்.

உறவு இத்துடன் முடிவதில்லை. நம் வட்டாரத்து மலைகளில் பெய்யும் மழை அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, விளாத்திகுளத்தைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அவ்வளைகுடாவில், தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரையில், கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் மணிமாலைபோல் வரிசை கட்டி நிற்கின்றன. நம் மலையில் தொடங்கும் நீர் போய்ச் சேரும் இடத்தை ஒருநாளேனும் நேரில் கண்டுவர வேண்டும் என்பது எங்கள் வீட்டாரின் நெடுநாள் ஆவல். வாடைக்காற்று தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது கைகூடிற்று.

மூன்று குடும்பத்தார் பதினான்கு பேர். எல்லாரிலும் மூத்தவர் எழுபத்திரண்டு வயது நன்னி. இளையவன் ஐந்து வயதுப் பேரன். இரவே வேனில் புறப்பட்டு, இராமநாதபுரத்தில் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, விடியும் நேரத்தில் பாம்பன் பாலத்தின்மேல் ஏறினோம். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்திலிருந்து பார்த்தபோது கீழே இரண்டு ரயில் பாலங்கள் தெரிந்தன. ஒன்று 1914-இல் கட்டப்பட்ட பழைய பாலம். மற்றொன்று 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம். கப்பல் வரும்போது பழையது இரு கைகளையும் உயர்த்தி வழிவிட்டது. புதியது நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கி வழிவிடுகிறது. பாலத்துக்கு வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அவ்வூரார் வடக்கிலிருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கிலிருப்பதை ஆண்கடல் என்றும் அழைக்கிறார்கள். அது எப்போதும் அடங்கிக் கிடப்பதாம். இது எப்போது சீறும் என்று சொல்ல முடியாதாம். "அப்படியானால் பெயரை மாற்றியல்லவா வைக்க வேண்டும்?" என்று எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவர் கேட்டதற்கு ஆண்கள் எவரும் விடை சொல்லவில்லை.

குந்துகால் துறையில் அனுமதி பெற்ற சிறு படகொன்றில் ஏறினோம். தீவுகளில் பெரும்பாலானவற்றில் கால் வைக்கத் தடை உண்டு. வனத்துறை அனுமதிக்கும் இடத்திற்கு, அவர்கள் சொல்லும் வழியில், அவர்கள் குறிக்கும் நேரத்தில்தான் செல்லலாம். எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டப்பட்டது. நன்னி மட்டும் அதைச் சேலை முக்காட்டுக்கு மேலா, கீழா எங்கே போடுவது என்று வெகுநேரம் தயங்கினார். படகோட்டும் தம்பி அக்கரை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். "மேலேயே போடுங்கம்மா, கடலுக்கு மரியாதை தெரியும்," என்றார் அவர்.

கரை விலக விலக நீரின் நிறம் மாறியது. சேற்று நிறம் பச்சையாயிற்று, பச்சை நீலமாயிற்று, பிறகு ஆங்காங்கே கண்ணாடிபோல் தெளிந்து அடிமணல் தெரிந்தது. கருந்திட்டுகளாகத் தெரிந்தவை மேகத்தின் நிழலென்று எண்ணினோம். கடற்புல் மேய்ச்சல் நிலம் என்றார் தம்பி. தரையில் ஆடுமாடுகளுக்குப் புல்வெளி எப்படியோ, கடலில் ஆவுளியாவுக்கு இது அப்படி. ஆவுளியா என்பது கடற்பசு. அது மீனன்று, குட்டி போட்டுப் பால் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி. ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் செல்லும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தை மனிதன் இறைச்சிக்காக வேட்டையாடினான். எஞ்சியவற்றில் சில வலையில் சிக்கி மூச்சடைத்து மாண்டன. இன்று அதைக் கொல்வது கடும் குற்றம். 2022-இல் தமிழக அரசு பாக்கு விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது; இந்தியாவில் இதுவே முதலாவது. அன்று எங்களுக்கு ஆவுளியா தரிசனம் தரவில்லை. ஆனால் தூரத்தில் இரண்டு ஓங்கல்கள் முதுகைக் காட்டி மறைந்தன. பேரன் கைதட்டியதை நிறுத்தவே இல்லை.

குருசடைத் தீவை நெருங்கியபோது நீர் வற்றும் நேரம். படகின் எந்திரத்தை நிறுத்தி மூங்கிலால் ஊன்றினார்கள். அணியத்தில் குனிந்து பார்த்தோம். முழங்காலளவு நீருக்குள் மான்கொம்பு போலக் கிளைத்தவை, மனித மூளை போல மடிந்தவை, தட்டுப்போல விரிந்தவை என்று பவளங்கள். இடையிடையே நீலமும் மஞ்சளுமாய் மீன்கள். "இதுவா பவளம்? நம் கழுத்துமாலைப் பவளம் சிவப்பாக இருக்குமே!" என்றார் நன்னி. நகைக்கடையில் விற்கும் செம்பவளம் இக்கடலில் விளைவதில்லை. மத்தியதரைக் கடல் போன்ற தொலைவான கடல்களிலிருந்து வருவது அது. இங்கே இருப்பது பாறை கட்டும் பவளம். கடுகளவு, மிளகளவு உடம்புள்ள பூச்சிகள் கோடிக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து, தலைமுறை மேல் தலைமுறையாகக் கட்டியெழுப்பிய மாளிகை. ஒவ்வொரு பூச்சியின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகிறது; பூச்சி அதற்கு வீடு தருகிறது. நிறமும் பாசி தருவதே. உருண்டைப் பாறைபோல் வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே பருக்கும் என்று கேட்டபோது, எதிரே கிடந்த பாறையொன்றின் வயது நன்னியின் வயதினும் மிகுதி என்று கணக்கிட்டோம்.

இதையெல்லாம் கேட்டிருந்த நன்னி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அர்ரஹ்மான் சூராவில் முத்தையும் பவளத்தையும் அல்லாஹ் சேர்த்தே சொல்கிறான். அறுபது ஆண்டாக ஓதி வருகிறேன். அது உயிருள்ள பொருள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது," என்றார்.

கரையில் இறங்கி, காட்டிய பாதையில் மட்டும் நடந்தோம். ஈர மணலில் கயிறு சுருட்டி வைத்ததுபோல் சிறு மண் குவியல்கள். அவை பலனோகிளாசஸ் என்னும் புழுவின் வேலை. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இடையே பாலம்போல் நிற்பது என்று விலங்கியல் படித்தவர்கள் போற்றும் புழு அது. நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் இத்தீவைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பெண்ணொருத்தி, பாடநூலில் படமாகப் பார்த்ததன் தடத்தை மணலில் பார்த்து மெய்ம்மறந்து நின்றாள். அப்பால் அலையாத்தி மரங்கள் வேர்களை நீரில் ஊன்றியிருந்தன. மணல் திட்டில் உள்ளான் கூட்டமொன்று ஓடியோடி இரை பொறுக்கியது. குளிர் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து நம் கரையில் விருந்துண்ணும் பறவைகள் அவை. இந்த வளைகுடாவில் 4,223 வகைச் செடிகொடிகளும் உயிரினங்களும் கணக்கெடுக்கப்பட்டுள்ளன என்பர்.

தீவுகளின் பெயர்களைத் தம்பி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முயல் தீவு, முல்லித் தீவு, தலையாரித் தீவு, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி. குடிநீர் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர்! வரைபடம் கையில் இல்லாத மாலுமிக்குப் பெயர்தான் வரைபடம். இவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகளின் பெயர்களைச் சொல்லும்போது தம்பியின் குரல் தணிந்தது. அவ்விரண்டும் இன்று நீருக்கு மேலே இல்லை.

தீவு எப்படி மறையும்? அலை வந்து மோதும்போது அதன் வலிமையை முதலில் தாங்குவது பவளப்பாறை. பாறை தாங்கினால் தீவு நிற்கும். தீவு நின்றால் அதன் பின்னே உள்ள கரை ஊர்கள் நிற்கும். அந்தப் பாறையைப் பல்லாண்டுக் காலம் வெட்டி வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்பு சுட எடுத்தார்கள், ஆலைகளுக்கு எடுத்தார்கள், வீடு கட்டக் கல்லாக எடுத்தார்கள். அரண் போனபின் அலை மணலை அரித்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காரியச்சல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர் இருந்தது. 2018-இல் 6 ஹெக்டேரும் இல்லை. வான்தீவைச் சுற்றி 2015-க்குப் பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காக்க முயன்றிருக்கிறார்கள். 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது நின்றது. ஆனால் வேறொரு பகை வந்தது. கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடுதலாகச் சூடேறினால், உள்ளே குடியிருக்கும் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் எலும்புபோல் வெளுக்கிறது. சூடு நீடித்தால் பட்டினியால் சாகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் அப்படி நேர்ந்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உயிருள்ள பவளக் கிளைகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, நாற்று நடுவதுபோல் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள்.

நடுப்பகலில் படகிலேயே கட்டுச்சோறு அவிழ்த்தோம். உண்டு முடிந்ததும் நோன்புக் கடற்பாசியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அது எந்தக் கடலில் எடுப்பது, தம்பி?" என்று நன்னி கேட்டார்.

"இந்தக் கடலிலும் உண்டும்மா. மரிக்கொழுந்துப் பாசி என்போம். எங்கள் அம்மா முப்பது வருடமாக அதைத்தான் எடுத்தார்கள்," என்றார் அவர்.

அதன்பின் அவர் சொன்னதை எங்களால் எளிதில் மறக்க முடியாது. பாம்பன் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் விடியலில் நாட்டுப்படகில் தீவுகளுக்குப் போவார்கள். கண்ணாடி மூடி கட்டி, காலில் தகடு மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை அணிந்து நீருக்குள் மூழ்குவார்கள். மூச்சடக்கிப் பாறையைத் தடவி, பாசியைப் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு நாளில் எத்தனை முறை மூழ்குவது என்ற கணக்கே கிடையாது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கிறார்கள். அதுவே நம் தட்டில் அசையும் கடற்பாசி. கட்டைக்கோரை என்னும் மற்றொரு பாசியிலிருந்து எடுக்கும் பசை, துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவுகிறது. நூலும் துணியுமாக வாழும் நம் வட்டாரத்தார் இதைக் கேட்டு வியப்புற்றோம். இருபத்தொரு தீவுகளின் கடல் நம் நோன்புத் தட்டில் மட்டுமன்றி நாம் உடுத்தும் துணியிலும் இருக்கிறது!

1986-இல் இத்தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989-இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இவை இல்லையேல் இன்று நாம் காண்பதற்குப் பவளம் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. எனினும், தலைமுறைகளாகப் பாசி எடுத்த பெண்கள் ஒரு காலைப்பொழுதில் தங்கள் கடலிலேயே அத்துமீறியவர்களாக ஆனதும் அதே சட்டத்தால்தான். பாறையை உடைத்தவன் ஆலைக்காகவும் கட்டடத்துக்காகவும் உடைத்தான். துரத்தப்பட்டவளோ கைப்பிடிப் பாசி எடுத்தவள். இந்தச் சங்கடத்துக்கு அப்பெண்களே ஒரு வழி கண்டார்கள் என்பதுதான் போற்றத்தக்கது. மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசிக்குச் செல்வது, மற்ற நாள்களில் பாசி வளர விடுவது, கையால் மட்டுமே பறிப்பது, வளரும் பருவத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி அம்மையாருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது. பள்ளிப் படிப்பின் வாசலைக்கூடச் சரியாகக் காணாத கடற்கரைப் பெண்கள் வகுத்த விதி உலகின் மறுகோடியில் மதிக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் இதே கடலில் உண்டு. விரைவில் பெருகி விலை கொடுக்கும் என்று, வெளிநாட்டுப் பாசி வகையான கப்பாஃபைகஸைக் கொண்டுவந்து மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்த்தார்கள். பலருக்கு வருமானமும் கிடைத்தது. ஆனால் அது மிதவையிலிருந்து தப்பி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெயில் படாத பவளம் மூச்சுத் திணறியது. கடலைத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு நாள் எடுத்தால் போதும் என்றார்கள். கடலைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள் முந்நூற்றறுபத்தைந்து நாளும் எடுக்கலாம் என்றார்கள். யார் சொல் மெய்யாயிற்று என்பதைப் பாறையே சொல்கிறது.

கரை திரும்பியதும் கடைத்தெருவில் சங்கும் சோழியும் விற்றார்கள். பேரன் வெள்ளையாய்க் கிளைத்த ஒன்றைக் காட்டி அடம்பிடித்தான். அது என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை. நன்னி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அது செத்துப்போன வீடு, ராசா. நீ உயிரோடு இருக்கும் வீட்டையே பார்த்துவிட்டாய்," என்றார். அவன் சமாதானம் ஆகவில்லை. ஐஸ் வாங்கிக் கொடுத்த பிறகே ஆனான். அந்த ஐஸ் கட்டியாக நிற்பதற்கும் பாசிப் பசைதான் உதவுமாம்!

திரும்பும் வழியில் கீழக்கரையில் அஸர் தொழுதோம். இவ்வூர் மரக்காயர்களின் கப்பல்கள் ஒரு காலத்தில் இத்தீவுகளைக் கடந்தே இலங்கைக்கும் கீழை நாடுகளுக்கும் சென்றன. வள்ளல் சீதக்காதியின் பெருமையும் அவர் ஆதரித்த உமறுப் புலவரின் தமிழும் இக்கடல் வாணிகம் ஈட்டிய செல்வத்தின் நிழலில் வளர்ந்தவை. கற்பிட்டியும் காயலும் இந்தக் கரையும் ஒன்றோடொன்று முத்தால் கட்டுண்டு கிடந்தன. சலாபம் கூடிய நாள்களில் பரதவரும் முஸ்லிம்களும் ஒரே தோணியிலிருந்து ஒரே கடலில் மூழ்கினார்கள். அச்சலாபங்கள் 1961-உடன் ஓய்ந்துவிட்டன. அள்ளக் குறையாது என்று எண்ணிய முத்துப்பாரும் ஒருநாள் வெறுமையாயிற்று. பழைய பள்ளிவாசல்களின் சுவர்களில் கடற்கல்லைக் கண்டபோது, அதைக் கட்டியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அன்றைய தேவை சிறிது, கடல் பெரிது. இன்று தேவை பெரிதாகிவிட்டது; கடல்தான் சிறுத்துவிட்டது.

சாயல்குடி, சூரங்குடி வழியாக வந்து, விளாத்திகுளம் அருகே வைப்பாற்றைக் கடக்கும்போது பொழுது சாயும் நேரம். வேனை நிறுத்தச் சொன்னோம். ஆற்றில் நீர் இல்லை. அகன்ற மணல், அதில் லாரித் தடங்கள், கரையோரம் சீமைக்கருவேலம்; மரத்துக்கு மரம் ஞெகிழிப் பைகள் கொடிபோல் பறந்தன. அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வரும்போது அத்தனையும் கடலுக்குப் புறப்படும். அவற்றில் சில நம் ஊர்க் கடைகளின் பெயரைத் தாங்கியவையாகவும் இருக்கலாம். ஆவுளியா மேயும் புல்வெளியின்மேல் அவை போய்ப் படியும்.

கடலோரத்தார் தங்கள் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பசித்த வயிற்றோடும் பன்னிரண்டு நாள் போதும் என்று சொன்ன பெண்களுக்கு, மலையடிவாரத்தில் இருக்கும் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? நதியில் குப்பை கொட்டுவதில்லை என்று ஒரு தெருவார் முடிவு செய்வதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. கறிக்கடைக்கும் சந்தைக்கும் துணிப்பை எடுத்துச் செல்வதற்கு விருதும் வேண்டுவதில்லை. மதரஸாப் பிள்ளைகளுக்கு வைப்பாற்றின் பாதையை வரைந்து காட்டுவதற்கு ஒரு கரும்பலகை போதும்: இங்கே நம் மலை, இங்கே இருக்கன்குடி, இங்கே கடல், இங்கே பவளம் என்று.

இவ்வாண்டு நோன்பில் எங்கள் வீட்டில் கடற்பாசி வகுந்து வைக்கும்போது, அதை எடுக்கத் துணி சுற்றிய விரல்களை நினைத்து துஆ செய்ய வேண்டும் என்று நன்னி சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், செய்வோம். துஆவோடு துணிப்பையும் இருக்கட்டும்.